சுன் ஷாங்ஷியாங் எங்கே சண்டை போட்டார்? வரலாறு, நாவல், கார்டு, கேம்

புதுவரவு:
சீனாவோட மூன்று ராஜ்யக் கதைக்குள்ள கேம் வழியா வந்தவங்களுக்கு சுன் ஷாங்ஷியாங்னா ரெண்டு கையிலயும் வளையக் கத்தி, இல்லேன்னா வில், அதுவும் இல்லேன்னா பீரங்கி. அந்த நெனப்போட நாவலைத் திறந்தா 120 அத்தியாயத்துலயும் அவங்க சண்டை போடுற இடமே கண்ணுல படல. ரெண்டு கேள்வி. வீராங்கனைங்கற பேர் எங்கிருந்து வந்துச்சு? அப்புறம், சான்குவோஷா கார்டு ஆட்டத்துல அவங்களை எடுக்கறவங்க பல பேர் ரெண்டாவது சுத்துலயே காலியாகிடறாங்களே, எங்க தப்பு நடக்குது?

ஆற்றுப்படை:
முதல் கேள்விக்கு நான் வருகிறேன். கார்டு விஷயத்தைப் பகடை சொல்வார்.

அவருடைய அறையில் இருந்த வாள்களால் வந்த பெயர் அது. அவரே வாளெடுத்து வீசிய காட்சி வரலாற்றிலும் இல்லை, நாவலிலும் இல்லை.

சென் ஷோவ் 3ஆம் நூற்றாண்டில் எழுதிய மூன்று ராஜ்ய வரலாற்றில் அவருக்கெனத் தனி வாழ்க்கைக் குறிப்பு கிடையாது. பெயர்கூடப் பதிவாகவில்லை. வூ நாட்டை ஆண்ட சுன் சுவானின் தங்கை, சுன் அம்மையார் என்றே வருகிறார். முக்கியமான வரி, யாரும் தேடிப் போகாத இடத்தில் இருக்கிறது: அவருடைய கணவர் லியூ பெய்யின் ஆலோசகர் ஃபா ஜெங்கின் வாழ்க்கைக் குறிப்பில். அதில் சொல்லியிருப்பது இவ்வளவுதான். அவர் சுறுசுறுப்பும் கடுமையும் உள்ளவர், அண்ணன்மாரின் சாயல் அவரிடம் இருந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட பணிப்பெண்கள் கையில் கத்தியோடு காவல் நின்றார்கள், லியூ பெய் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் மனம் நடுங்கினார். அதே பகுதியில் லியூ பெய்யின் இன்னொரு ஆலோசகர் ஜூகே லியாங்கின் பேச்சும் வருகிறது: வடக்கே சாவ் சாவ், கிழக்கே சுன் சுவான், அக்குளுக்குள்ளேயே சுன் அம்மையார் என்று மூன்று பயங்களை அடுக்குகிறார். ஒரு மனைவியை இரண்டு பேரரசர் கனவுக்காரர்களோடு ஒரே வரிசையில் வைத்த வாக்கியம் அது. நாடகம், நாவல், கேம் எல்லாம் இந்த விதையிலிருந்து முளைத்தவை.

இன்னொரு குறிப்பு, அந்த வரலாற்றுக்குப் பெய் சொங்ஜி 429இல் முடித்த உரையில் மேற்கோளாக வரும், லியூ பெய்யின் தளபதி ஜாவ் யுன்னின் தனிச்சரிதம். அம்மையார் தன்னோடு வந்த வூ நாட்டு அதிகாரிகளையும் வீரர்களையும் வைத்துக்கொண்டு சட்டத்துக்கு அடங்காமல் நடந்தார், அதனால்தான் லியூ பெய் கண்டிப்பான ஜாவ் யுன்னை வீட்டுப் பொறுப்பில் வைத்தார் என்கிறது அது.

திருமணம் 209இல். லியூ பெய் பிறந்தது 161, ஆக மாப்பிள்ளைக்கு 48. அம்மையாரின் அப்பா சுன் ஜியான் இறந்தது 191 வாக்கில் என்பதால் மணப்பெண்ணுக்குக் குறைந்தது 17 ஆகியிருக்க வேண்டும். 211இல் லியூ பெய் யீ மாகாணத்துக்குக் கிளம்பியதும் சுன் சுவான் படகுகளை அனுப்பித் தங்கையை வரவழைத்துக்கொண்டார். ஆகக் கூடி இரண்டு வருட வாழ்க்கை. வூ திரும்பிய பிறகு என்ன ஆனார் என்பதற்கு வரலாற்றில் ஒரு வரியும் இல்லை.

புதுவரவு:
பேரே பதிவாகலன்னா ஷாங்ஷியாங் எங்கிருந்து வந்துச்சு?

ஆற்றுப்படை:
மேடையிலிருந்து. நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. நாவலில் அவர் பெயர் சுன் ரென், 7ஆம் அத்தியாயத்தில் சுன் ஜியானின் பிள்ளைகளைச் சொல்லும் இடத்தில் வருகிறது. வரலாற்றுக் குறிப்புகளில் ரென் என்பது சுன் சுவானின் தம்பி சுன் லாங்குக்கு இருந்த மறுபெயர். அந்தப் பெயர் நாவலில் பெண்ணிடம் வந்து சேர்ந்துவிட்டது.

செவ்விதழ்:
இது கேம் ஆடுகிறவர்களுக்கும் பயன்படும். 2019இல் வந்த டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸில் ஷாங்ஷியாங் என்று தேடினால் கிடைக்க மாட்டார். அங்கே அவர் சுன் ரென். சுன் ஜியான் குடும்ப மரத்தில் பாருங்கள். 190இல் ஆட்டம் தொடங்கும்போது குழந்தை என்பதால் உடனே படைத்தலைவராக அனுப்ப முடியாது, வயது வரும்வரை பொறுக்க வேண்டும். ஹானர் ஆஃப் கிங்ஸின் உலகப் பதிப்பு 2024 ஜூனில் வந்தது. அதில் அவர் லேடி சன். ஒரே ஆள், மூன்று பெயர்.

கடையேழு:
நாவலில் சண்டையே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லக் கூடாது. 55ஆம் அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். லியூ பெய்யோடு தப்பிப் போகும் வழியில் நான்கு தளபதிகளைத் திருப்பி அனுப்புகிறாரே, அது சண்டை இல்லையா?

ஆற்றுப்படை:
கடையேழு சொல்வது சரி. அந்த அத்தியாயத்தை விரித்தே பார்த்துவிடலாம், விஷயமே அங்கேதான்.

சுன் சுவானின் தளபதி ஜோவ் யூவின் திட்டம்: திருமண ஆசை காட்டி லியூ பெய்யை வரவழைத்துப் பிணையாக வைத்துக்கொண்டு ஜிங் மாகாணத்தைக் கேட்பது. ஜூகே லியாங் ஜாவ் யுன்னிடம் மூன்று பட்டுப் பைகளைக் கொடுத்து அனுப்புகிறார். ஊர் வந்ததும் முதல் பை: கல்யாணச் செய்தியை ஊரெல்லாம் பரப்பு. ஆண்டு முடிவில் இரண்டாவது: சாவ் சாவ் படையெடுக்கிறான் என்று சொல்லி லியூ பெய்யைக் கிளப்பு. துரத்தி வரும்போது மூன்றாவது: எல்லா உண்மையையும் மனைவியிடம் சொல்லிவிடு. கடைசிப் பையில் படைவீரர்கள் இல்லை, பொறியும் இல்லை. அம்மையாரேதான் அந்தக் கடைசி ஆயுதம்.

முன்னால் 3000 பேரோடு சூ ஷெங்கும் திங் ஃபெங்கும் வழிமறிக்கிறார்கள். அவர் வண்டியை முன்னால் ஓட்டச் சொல்கிறார், தன் கையாலேயே திரையை விலக்குகிறார், கலகம் செய்யப் போகிறீர்களா என்று கேட்கிறார். இருவரும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கி நிற்கிறார்கள். பின்னால் 500 பேரோடு சென் வூவும் பான் ஜாங்கும் வருகிறார்கள், இவர்களோடு சேர்த்து நால்வருக்கும் அதே வசவுதான். நால்வரும் கணக்குப் போடுகிறார்கள்: இவர் எசமானின் தங்கை, தாய்ப்பாசம் இவர் பக்கம், நாளைக்கே அண்ணன் தங்கை ஒன்று சேர்ந்துவிட்டால் கழுத்து போவது நம்முடையது. அதன் பிறகுதான், சுன் சுவான் தன் சொந்த வாளைக் கொடுத்துத் தங்கையின் தலையையும் கொண்டுவரச் சொல்லி அனுப்பிய வேறு இருவர் வந்து சேர்கிறார்கள். வசவின் பலம் எவ்வளவு என்பதை அந்த வாள் காட்டிவிடுகிறது. அரச குடும்பத்துக் குரலை வெல்ல அரசனின் வாளே வர வேண்டியிருந்தது.

61ஆம் அத்தியாயப் படகுக் காட்சியில்தான் அவர் சண்டைக்கு மிக அருகில் வருகிறார். வாள் தரித்த முப்பது சொச்சம் பேரோடு லியூ பெய்யின் ஏழு வயது மகன் ஆ தோவை அழைத்துக்கொண்டு படகேறுகிறார். ஜாவ் யுன் மீன்பிடிப் படகில் துரத்தி வந்து, ஈட்டிகளைக் கத்தியால் விலக்கிக்கொண்டு பெரிய படகுக்குத் தாவுகிறார். அங்கேயும் அம்மையார் பணிப்பெண்களிடம் குழந்தையைப் பிடுங்கச் சொல்கிறாரே தவிர, தான் கத்தியை உருவவில்லை.

செவ்விதழ்:
இதை மனதில் வைத்துக்கொண்டு கேம் பக்கம் வந்தால் ஒவ்வொரு நிறுவனமும் என்ன எடுத்தது, என்ன விட்டது என்பது தெரியும்.

டைனஸ்டி வாரியர்ஸ் எடுத்தது ‘சுறுசுறுப்பும் கடுமையும்’ என்ற பாதி வரியை. அதில் அவருக்கு நெடுங்காலம் இருந்த ஆயுதம் இரட்டை வளையக் கத்தி. சீனத் தொன்மத்தில் நெய்ஜா என்ற சிறுவன் கையில் இருக்கும் வளையத்தின் பெயரே அதற்கும். அதை ஆங்கிலப் பதிப்பில் நம்ம ‘சக்கரம்’ என்ற சொல்லாலேயே அழைக்கிறார்கள். இந்தியாவில் அது விரலில் சுழற்றி எறியும் தட்டை வளையம், சீக்கிய நிஹாங்குகள் தலைப்பாகையில் அடுக்கி வைத்திருப்பார்கள். கேமில் வருவது கைப்பிடி வைத்த பெரிய வளையம், பெரும்பாலும் கையில் பிடித்தே வெட்டுவது. பெயர் ஒன்றுதான், கையாளும் விதம் வேறு. 2007இல் வந்த ஆறாம் பாகத்தில் வில்லுக்கு மாற்றினார்கள்.

ஹானர் ஆஃப் கிங்ஸில் அவர் தூரத்திலிருந்து சுடும் வகை. உருண்டு எழுந்ததும் அடுத்த குண்டு பலமாக விழும், இவர் போடும் சாதாரண அடி எதிரிமேல் பட்டால் உருளும் திறன் சீக்கிரம் திரும்பி வரும். புதியவர்கள் எதிரியை நோக்கி உருண்டு முதல் குண்டைப் போட்டுவிடுகிறார்கள், தப்பிக்க ஒன்றும் மிச்சமிருக்காது, அங்கேயே சாகிறார்கள். பக்கவாட்டில் அல்லது பின்னால் உருளுங்கள். எழுந்ததும் அதே பலமான குண்டு தூரத்திலிருந்தே போகும். சண்டைக்கு முதலில் நுழையும் ஆள் இவர் இல்லை. எதிரணியில் பாய்ந்து பிடிப்பவர் தன் திறனை வேறு யார் மீதாவது செலவழித்த பிறகு நுழைந்தால் போதும்.

பகடை:
இப்ப என் முறை. சான்குவோஷா 2008ல வந்தது. முதல் பதிப்போட 25 ஆள்ல இவங்களும் ஒருத்தர். வூ அணி, உயிர் 3. திறன் ரெண்டே ரெண்டு.

ஜியேயின், அதாவது கல்யாணம். ஒரு முறையில ஒரு தடவை, கையில இருக்கற ரெண்டு கார்டைக் கழிச்சு, அடிபட்டிருக்கற ஒரு ஆண் பாத்திரத்தைக் காட்டணும். அவருக்கும் உங்களுக்கும் ஆளுக்கு 1 உயிர் ஏறும். தூரக் கணக்கு கிடையாது.

சியாவ்ஜி. மேசையில மாட்டி வெச்ச ஆயுதம், கவசம், குதிரை எது உங்ககிட்டேருந்து போனாலும், போன ஒவ்வொரு கார்டுக்கும் 2 கார்டு எடுக்கலாம். யார் பிடுங்குனாங்கன்னு கேள்வியே இல்ல.

இனி எங்க தப்பு நடக்குதுன்னு சொல்றேன். பழைய 108 கார்டோட 52 கார்டு விரிவாக்கம் சேர்த்தா கட்டுல 160. அதுல மாட்டற கார்டு 25தான். முறைக்கு 2 கார்டு எடுத்தா ஏறக்குறைய மூணு முறைக்கு ஒண்ணுதான் கைக்கு வரும். இது தெரியாம, ரெண்டாவது ஆயுதம் வந்த உடனே பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசை மாட்டி 2 கார்டு எடுக்கறாங்க. 1 போட்டு 2 எடுத்தா லாபம் 1. நல்லாத்தான் இருக்கு. ஆனா கைவரம்பு உங்க உயிர் அளவுதான், 3 உயிர்னா 3 கார்டு. முறை முடியறப்ப மிச்சத்தைக் கழிக்கணும். எடுத்ததைச் செலவழிக்க வழி இல்லாதப்ப மாத்துனா எடுத்ததும் வீண், மாட்டுனதும் வீண்.

அதனால வரிசை முக்கியம். மாத்தறதை முறையோட ஆரம்பத்துல செய்யுங்க, வந்த கார்டை ஆட இடம் இருக்கும். ஜியேயினை முறையோட கடைசிக்கு வைங்க, எப்படியும் கழிக்க வேண்டிய ரெண்டு கார்டு அங்க உயிரா மாறிடும். பாதிப்பேர் இதைத் தலைகீழா செய்யறாங்க.

ஒரு விதிவிலக்கு, ஜூகே வில்லுப்பொறி. அது இருந்தா ஸ்லாஷ், அதாவது தாக்கற கார்டு, எத்தனை வேணாலும் போடலாம். அதைக் கழட்டிட்டு வேற ஆயுதம் மாட்டி 2 எடுத்தீங்க, அந்த ரெண்டும் ஸ்லாஷாவே வந்துச்சுன்னு வைங்க, போட முடியாது, பொறிதான் போயிடுச்சே. அதனால ஸ்லாஷ் எல்லாம் தீர்ந்த பிறகுதான் மாத்தணும்.

கடையேழு:
ஜியேயினுக்கு மாட்டி வைத்த கார்டைக் கழித்து, உயிரும் ஏற்றி, சியாவ்ஜியில் நான்கு கார்டும் எடுக்கலாம் அல்லவா? அப்படி ஆடுவதைப் பார்த்திருக்கிறோம்.

பகடை:
முடியாதுங்க. பழைய கார்டுல ‘கையில் இருக்கும் ரெண்டு கார்டு’ன்னு தெளிவாவே அச்சாகியிருக்கு. மேசையில இருக்கறது கணக்குல வராது. கையில இருக்கற குதிரையை மாட்டாம அப்படியே கழிச்சாலும் சியாவ்ஜி வராது, அது மாட்டி வெச்சதுக்கு மட்டும்தான். நீங்க பார்த்தது ஒருவேளை பின்னால திருத்தி வந்த கார்டா இருக்கும். அதுல ஒரு கைக்கார்டைக் கழிக்கலாம், இல்லேன்னா மாட்டி வெச்ச ஒண்ணை அந்த ஆணுக்கு மாட்டிவிடலாம். மாட்டிவிட்டா அது உங்க மேசையை விட்டுப் போனதுதான், 2 கார்டு உண்டு. ஆனா உயிர் ரெண்டு பேருக்கும் ஏறாது: குறைஞ்சவருக்கு 1 உயிர், அதிகமா இருக்கறவருக்கு 1 கார்டு. ஆட உக்கார்றதுக்கு முன்னாடியே எந்தக் கார்டுன்னு பேசி வெச்சுக்கங்க.

கடையேழு:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் மாட்டியதைத் தானாகவே இழக்க நல்ல வழி எது?

பகடை:
கல்லைப் பிளக்கற கோடாரி. தாக்கும் தூரம் 3. நீங்க போட்ட ஸ்லாஷை எதிராளி டாட்ஜ் போட்டுத் தட்டிவிட்டா, நீங்க ரெண்டு கார்டு கழிச்சு ‘இல்ல, பட்டே தீரும்’னு சொல்லலாம். இங்க கையில இருக்கறதுதான்னு கட்டாயம் இல்ல. குதிரையையும் கவசத்தையும் கழிங்க, கோடாரியை மட்டும் கழிக்கக் கூடாது. அடி விழுது, உங்களுக்கு 4 கார்டு வருது. வேற யார் கையில இருந்தாலும் அந்தக் கோடாரி ரெண்டு கார்டைத் தின்னும். இவங்ககிட்ட ரெண்டு கார்டு மிச்சம் தருது.

அடுத்தது வெள்ளிச் சிங்கம். மாட்டியிருக்கறப்ப 1க்கு மேல எந்த அடியும் 1தான். அது போறப்ப 1 உயிர் ஏறும். இவங்க அதுக்கு மேல வேற கவசம் மாட்டினா 1 உயிர், 2 கார்டு. முழு உயிரோட இருக்கறப்ப மாத்தாதீங்க, உயிர் ஏறாம வீணாகும்.

எதிரே உக்காந்து ஆடறவங்களுக்கும் சொல்லிடறேன். இவங்க மாட்டி வெச்சதைத் தொடாதீங்க. பாலத்தை உடைக்கற கார்டையோ ஆட்டைப் பிடுங்கற கார்டையோ கையில இருக்கற கார்டு மேல போடுங்க. கீலின் வில்லால குதிரையைக் கொன்னா 2 கார்டு பரிசாக் கொடுத்த மாதிரி. கார்டு ஆடற கட்டத்தைத் தவறவிட வைக்கற ‘ஷூ நினைவே இல்லை’ கார்டைப் போட்டா நல்லா கட்டிப் போடலாம், ஆட முடியலேன்னா இவங்க ரெண்டு திறனும் பாதி செத்தது.

கூட்டாளியா இருந்தா நேர் எதிர். ‘கடன் வாங்கிய கத்தி’ கார்டை இவங்க மேலயே போடுங்க. அவங்க ஸ்லாஷ் போட மறுத்தா ஆயுதம் உங்க கைக்கு வரும், அவங்க 2 கார்டு எடுப்பாங்க. ரெண்டு பேருக்கும் லாபம்.

புதுவரவு:
சியாவ்ஜின்னா என்ன அர்த்தம்? பொருள் போனா கார்டு வர்றதுக்கும் பேருக்கும் என்ன சம்பந்தம்?

ஆற்றுப்படை:
ஆந்தை போல மூர்க்கமான பெண் என்று பொருள்படும். மாவ் ஜொங்காங்கும் அவர் அப்பாவும் 17ஆம் நூற்றாண்டில் திருத்திய பதிப்புதான் இன்று எல்லாரும் படிப்பது. அதில் 84ஆம் அத்தியாயத்தில், 222 யீலிங் போரில் லியூ பெய் இறந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தி கேட்டு, வண்டியை ஆற்றங்கரைக்கு ஓட்டச் சொல்லி, மேற்கு நோக்கி அழுது, ஆற்றில் விழுந்து இறக்கிறார். கரையில் அவருக்குக் கட்டிய கோயிலின் பெயர் சியாவ்ஜி கோயில் என்கிறது அந்தப் பதிப்பு. 1522ஆம் ஆண்டுப் பழைய அச்சில் இந்த மரணம் இல்லை.

ஆனால் ஒட்டுப்போட்ட முடிவு என்று தள்ளிவிட மனம் வரவில்லை. 55இல் ஊரை விட்டுக் கிளம்ப அவர் தாயிடம் சொன்ன பொய் என்ன? புத்தாண்டு நாளில் ஆற்றங்கரைக்குப் போய் மூதாதையரை வணங்கிவிட்டு வருகிறோம் என்பது. 61இல் படகை விடாவிட்டால் ஆற்றில் குதிப்பேன் என்று மிரட்டுகிறார். 84இல் உண்மையாகவே ஆற்றங்கரைக்கு வருகிறார், உண்மையாகவே குதிக்கிறார். பொய்யாகவும் மிரட்டலாகவும் சொன்ன இரண்டையும் அந்த முடிவு மெய்யாக்கிவிடுகிறது. சேர்த்தவர் நாவலைக் கூர்ந்து படித்தவர்.

செவ்விதழ்:
இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நாவலில் மாமியார் மாப்பிள்ளை பார்த்த கன்லூ கோயில் ஜென்ஜியாங் நகரின் பெய்கூ மலைமேல் இருக்கிறது. கன்லூ என்பது வூவின் கடைசி அரசர் சுன் ஹாவ் ஆண்ட 265ஆம் ஆண்டின் காலப்பெயர், கோயில் அதிலிருந்து பெயர் பெற்றது என்பது வழக்கு. கல்யாணமோ 209இல்.

கடையேழு:
அப்படிப் பார்த்தால் வளையக் கத்தியும் தப்பு, கோயிலும் தப்பு, பெயரும் தப்பு. எந்த ஆட்டம்தான் இவரைச் சரியாகப் பிடித்தது?

ஆற்றுப்படை:
என் ஓட்டு கார்டுக்குத்தான். ஒரு திறன் கல்யாணம், இன்னொன்று இழப்பு. இவரிடமிருந்து எதைப் பறித்தாலும் பறித்தவனுக்கே நட்டம் என்பதுதான் 55ஆம் அத்தியாயம். பெண்ணையும் இழந்து படையையும் இழந்தாய் என்று ஜோவ் யூவைப் பார்த்து வீரர்கள் கத்துகிறார்களே, அந்தக் கணக்கை அப்படியே விதியாக எழுதியிருக்கிறார்கள். வாளைத் தூக்கிக் காட்டாமலே அவர் பயமுறுத்துகிறார்.

புதுவரவு:
பகடை அண்ணா, கடைசியா ஒண்ணு. லியூ பெய் அரசர், இவங்க அவரைக் காக்கற விசுவாசின்னு சீட்டு விழுந்தா எப்படி ஆடணும்? சுன் சுவான் அரசர்னா அணியும் ஒண்ணுதானே, அது இன்னும் நல்லதா?

பகடை:
சுன் சுவான்கிட்ட ஏமாறாதீங்க. அவரோட அரசர் திறன், சாகக் கிடக்கறப்ப வூ அணி ஆள் உயிர் ஏத்தற பீச் கார்டு கொடுத்தா மட்டும் 1 உயிர் கூட ஏத்தும். ஜியேயினுக்கு அது சேராது, நெறைய பேர் சேர்த்து எண்ணிடறாங்க.

லியூ பெய்தான் பொருத்தம். அவர் தன் கைக்கார்டை யாருக்கு வேணாலும் கொடுக்கலாம், ஒரு முறையில ரெண்டு கொடுத்துட்டா அவருக்கு 1 உயிர் ஏறும். கொடுக்கற ரெண்டுல ஒண்ணு ஆயுதமோ குதிரையோ இருக்கட்டும். உங்க முறை வந்ததும் அதை மாட்டி, பழசு போனதுக்கு 2 எடுத்து, ஆடி முடிச்சு, மிஞ்சின ரெண்டை ஜியேயின்ல கழிங்க. ஒரு சுத்துல அவருக்கு 2 உயிர், உங்களுக்கு 1.

கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ ஆடினா அரசருக்கு 1 உயிர் கூடுதல், லியூ பெய்க்கு 5. அவர் 4ல இருக்கறப்ப ரெண்டு கார்டு கொடுத்தா அப்பவே 5 ஆகிடும். அடிபடாத ஆண் மேல ஜியேயின் செல்லாது, உங்க முறை வர்றதுக்குள்ள அவருக்கு அடி விழலேன்னா உங்களுக்கும் உயிர் ஏறாது. அதனால அவர் 3லயோ அதுக்குக் கீழயோ இருக்கறப்ப கொடுக்கச் சொல்லுங்க. 4ல இருந்தா ஒரே ஒரு கார்டு கொடுத்துட்டு நிறுத்திக்கச் சொல்லுங்க, மிச்ச 1 உயிரை நீங்க ஏத்திக்கலாம்.